கனடாப் பக்கெற்றும் திருகோணமலைத் தையும்: குளிர்நாட்டு மரக்கறியை எப்போது விதைப்பது?

கேள்வி கேட்டவர் திருகோணமலைக் கரையோரத்து உப்புவெளியில் இருக்கிறார். கனடாவிலிருந்து வந்த அண்ணன் எட்டு விதைப் பக்கெற்றுகள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்: பீற்றூட், கரட், கோவா, சலாது, ஸ்பினாச், பட்டாணி, பெரிய வெங்காயம், சின்னச் சிவப்பு முள்ளங்கி. பக்கெற்றின் பின்பக்கத்தில் ‘கடைசி உறைபனிக்கு இரண்டு கிழமை முன்பு விதைக்கவும்’ என்றும் ‘60 நாளில் அறுவடை’ என்றும் போட்டிருக்கிறதாம். ‘எங்களுக்கு உறைபனியே இல்லை. அப்படியென்றால் எப்போதும் போடலாமா, போடவே முடியாதா? மழையோடு கார்த்திகையில் போடவா, தைப்பொங்கல் கழித்துப் போடவா?’ என்று கேட்டிருக்கிறார். பார்வைக்கு இது திகதி கேட்கும் கேள்வி. ஆனால் அவர் அறிய வேண்டியது அதைவிடப் பெரியது. வருடத்தில் நாலு மாதம் மட்டும் பயிர் வளரும் நாட்டுக்கென்று எழுதிய கணக்கை, பன்னிரண்டு மாதமும் வெயில் அடிக்கும் ஊருக்கு எப்படி மாற்றி எழுதுவது? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். திகதியும் அதற்குள்ளேயே வரும்.

நான் விவசாயப் போதனாசிரியராக 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முதல் நாலு வருடம் குளிரான மலைநாட்டு நுவரெலியாப் பக்கம். மிச்சம் முழுக்கத் திருகோணமலை மாவட்டம்: மூதூர், தம்பலகாமம், கடைசியாகக் குச்சவெளி. ஓய்வுக்குப் பிறகு கனடாவின் எட்மன்டனில் இருக்கும் மகளிடம் இரண்டு கோடைகாலம் நின்று அவளுடைய பின்வளவில் தோட்டம் செய்தேன். இந்த மூன்று இடத்து மண்ணையும் கொத்திய அனுபவத்தில்தான் எழுதுகிறேன். சொல்வதெல்லாம் வீட்டு வளவில் நாலைந்து பாத்தி போடுகிறவருக்கு. சந்தைக்கு ஏக்கர் கணக்கில் செய்ய நினைப்பவர் இதை நம்பிக் காசு போட வேண்டாம். அதற்கு வேறு கணக்கு இருக்கிறது.

முதலில் அந்தப் பக்கெற் எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்று பார்ப்போம். எட்மன்டனில் மே நடுப்பகுதி தாண்டினால்தான் இரவில் உறைபனி விழாது என்று ஓரளவு நம்பலாம். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வரும் விக்ரோறியா நாள் விடுமுறையை அங்கத்தைய ஆட்கள் நடுகைக்கு அடையாளமாக வைத்திருக்கிறார்கள், நாங்கள் தைப்பொங்கலையும் சித்திரை வருடத்தையும் வைத்துக் கணக்குப் பார்ப்பது போல. செப்டெம்பர் பிற்பகுதியில் உறைபனி திரும்பி வந்துவிடும். இடையில் கிடைப்பது நாலு மாதம். அதை முன்னும் பின்னும் நீட்டத்தான் அவர்கள் பாடுபடுகிறார்கள். தக்காளியையும் கோவாவையும் ஆறெட்டுக் கிழமைக்கு முன்பே வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் முளைக்க வைப்பார்கள். நாற்றை ஒரேயடியாக வெளியே வைக்காமல் முதல் நாள் ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு என்று காற்றுக்கும் குளிருக்கும் பழக்குவார்கள். மண் சூடேறக் கறுப்புப் பொலித்தீன் விரிப்பார்கள்.

ஒரு செப்டெம்பர் பின்னேரம், இரவு உறைபனி விழும் என்று செய்தி வந்தவுடன், மகள் அலுமாரியில் கிடந்த பழைய படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு பின்வளவுக்கு ஓடினாள். இரண்டு பேருமாகத் தக்காளிக்கு மேல் விரித்து ஓரங்களில் கல் வைத்தோம். விடியப் பார்த்தால் விரிப்பு விறைத்துத் தகரம் போல நின்றது. தூக்கினால் மடிந்துகூட வரவில்லை. உள்ளே தக்காளி தப்பியிருந்தது. மூட மறந்த பயற்றங்கொடி வெந்த கீரை போலக் கறுத்துத் தொங்கியது. அதற்குப் பக்கத்துப் பாத்தியில் மூடாமலே நின்ற கரட்டுக்கும் பீற்றூட்டுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கிண்டிய கரட், முன்பு கிண்டியதைவிட இனித்தது. குளிர் பட்டால் கரட் தன்னிடமுள்ள மாச்சத்தில் ஒரு பகுதியைச் சீனியாக்கிக்கொள்கிறது. சீனி கரைந்த சாறு எளிதில் உறையாது என்பதால் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை அது. அந்த இனிப்பு எங்களுக்குத் திருகோணமலையில் கிடைக்கப் போவதில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற வேண்டாம்.

இனி எங்கள் ஊர். எங்களுக்கும் ஒரு குறுகிய பருவம் இருக்கிறது. அதை நாங்கள் பருவமென்று எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். திருகோணமலையில் வருடத்துக்கு விழும் மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். அதில் பாதி ஐப்பசி நடுப்பகுதிக்கும் மார்கழி முடிவுக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. நவம்பர், டிசெம்பர் இரண்டிலும் சராசரியாக மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்குக் குறையாது. தையில் மழை இளைத்து, வாடைக்காற்று மட்டும் மிஞ்சும். பகலில் 28 பாகை, இரவில் 24 பாகை அளவில் நிற்கும். பங்குனி பிறக்க வெயில் ஏறும். வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கினால் பகல் 34, 35க்குப் போகும். ஈரத்தோடு இலையையும் சேர்த்து உறிஞ்சிவிடும் காற்று அது. ஆக, மழை விட்டதற்கும் வெயில் ஏறுவதற்கும் இடையில், மார்கழி நடுப்பகுதியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை, மூன்று மாதம் கிடைக்கிறது. எட்மன்டன்காரருக்கு நாலு மாதம், எங்களுக்கு மூன்று. அவர்களுடைய பருவத்தை இரு பக்கமும் உறைபனி நெரிக்கிறது. எங்களுடையதை ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வெயிலும் நெரிக்கின்றன.

ஆகவே பக்கெற்றில் ‘கடைசி உறைபனி’ என்று வரும் இடத்தில் ‘கடைசிப் பெருமழை’ என்று வாசியுங்கள்; ஆனால் நேரே மண்ணில் போடும் விதையை அதற்கு இரண்டு கிழமை முன்பு அல்ல, மழை விட்ட பிறகே போடுங்கள். ‘முதல் உறைபனி’ என்று வரும் இடத்தில் ‘பங்குனி வெயில்’ என்று வாசியுங்கள். குளிர்நாட்டுத் தோட்டக்காரர் முதல் உறைபனி நாளைக் குறித்து வைத்துக்கொண்டு பின்னோக்கி நாள் எண்ணுவார். நீங்களும் அப்படித்தான் எண்ண வேண்டும். மார்ச் 20ஐ முடிவு நாளாக வையுங்கள். 60 நாள் பயிர் என்றால் 60ஐக் கழித்து, நாற்று மந்தமாக எழும்பும் காலத்துக்காக இன்னும் பத்து நாள் கழித்தால் ஜனவரி 9 வருகிறது. அதுதான் கடைசி எல்லை, அதற்கு முன் போடுவது நல்லது. இதில் பலர் பிழைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பக்கெற்றில் உள்ள நாள் எண்ணிக்கை, நேரே மண்ணில் விதைக்கும் கரட், பீற்றூட், முள்ளங்கிக்கு விதைத்த நாளிலிருந்து. கோவா, தக்காளி போல நாற்று நடுபவற்றுக்குப் பெரும்பாலும் நட்ட நாளிலிருந்து. கோவாப் பக்கெற்றில் 70 நாள் என்றிருந்தால் நாற்றுமேடையில் நிற்கும் நாலைந்து கிழமையையும் நீங்கள் கூட்ட வேண்டும்.

‘பகலில் 28 பாகை என்றால் எட்மன்டன் ஜூலை மாதமும் சில நாள் அப்படித்தானே’ என்று கேட்கலாம். வித்தியாசம் இரவில் இருக்கிறது. அங்கே இரவு 12 பாகைக்கு இறங்கும். எங்களுக்குக் கடல் பக்கத்தில் இருப்பதால் தை மாதத்து இரவும் 24க்குக் கீழே அதிகம் போகாது. செடி பகல் வெளிச்சத்தில் சமைத்ததை இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு சூடாக இருக்க இருக்கச் செலவும் கூடும். மிச்சம் பிடித்தது தான் கிழங்கிலும் குருத்திலும் போய்ச் சேரும். கரட் இங்கே வெளிறிக் கட்டையாக வருவதற்கும், கோவாக் குருத்து இறுகாமல் பஞ்சாக நிற்பதற்கும், உருளைக்கிழங்குச் செடி பச்சைப் பசேலென்று வளர்ந்தும் கிழங்கு வைக்கத் தயங்குவதற்கும் இதுதான் முதற்காரணம். பசளை போதாமையென்று நினைத்து யூரியாவை அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இலைதான் பெருக்கும். கந்தளாய் போன்ற உட்பகுதியில் தை இரவு கடற்கரையைவிடச் சற்றுக் குளிரும். அங்கே இருப்பவருக்கு நான் சொல்வதைவிடக் கொஞ்சம் நல்ல விளைவு வரும்.

உங்கள் எட்டுப் பக்கெற்றில் நான் உறுதியாகக் கைகாட்டுவது பீற்றூட். விதையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். மண்ணிறத்தில், சுருங்கி, முள்ளு முள்ளாக, கொத்தமல்லி அளவில் இருக்கும். அது ஒற்றை விதை இல்லை; இரண்டு மூன்று விதைகள் ஒட்டிக் காய்ந்த ஒரு கொத்து. அதனால்தான் ஒன்றைப் போட்டால் மூன்று முளை வருகிறது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, விரல் நகம் அளவு ஆழத்தில், பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஊன்றுங்கள். வரிசைக்கு வரிசை ஒரு சாண் விடுங்கள். நாலு இலை வந்தவுடன் கொத்தில் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். நறுக்கியதைச் சுண்டினால் கீரையைவிட ருசி. டிசெம்பர் கடைசிக் கிழமையில் ஒரு பாத்தி, ஜனவரி முதற்கிழமையில் இன்னொன்று என்று பிரித்துப் போடுங்கள். வெட்டினால் உள்ளே வெள்ளை வளையம் தெரியலாம். அது நோயில்லை, சூட்டில் வளர்ந்த அடையாளம், தின்னலாம்.

பீற்றூட்டில் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வருவதற்கு இன்னொரு காரணம் உங்கள் கிணறு. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் கடலுக்குக் கிட்ட உள்ள கிணறுகளில் ஆடி, ஆவணியில் தண்ணீர் சவர்க்கும். மழை பெய்து நிரம்பியவுடன் நல்லதாகும்; மாசி, பங்குனியில் திரும்ப மாறத் தொடங்கும். மரக்கறிகளுக்குள் போஞ்சியும் கரட்டும் உப்புக்கு உடனே வாடும். வெங்காயம், சலாது அதற்கடுத்தது. கோவா கொஞ்சம் தாங்கும். பீற்றூட்தான் நன்றாகத் தாங்கும், ஏனென்றால் அதன் காட்டு மூதாதை ஐரோப்பாவின் கடற்கரைகளில் உப்புக் காற்றுக்குள் வளரும் செடி. கற்பிட்டி மணலிலும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் பீற்றூட் வெற்றியாக விளைவதைக் கண்டிருப்பீர்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் பால் திரைகிற மாதிரியோ, வாயில் கரிக்கிற மாதிரியோ இருந்தால் கரட்டை மறந்துவிட்டு அந்தப் பாத்தியையும் பீற்றூட்டுக்கே விடுங்கள்.

கோவா பெரும்பாலும் வரும். ஆனால் எந்தக் கோவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கெற்றில் 60, 70 நாள் போட்ட முன்விளைச்சல் இனமென்றால் முயன்று பாருங்கள். 100 நாள் போட்டு, நிலவறையில் மாதக்கணக்கில் வைக்க ஏற்றது என்று எழுதியிருந்தால் அது இங்கே இலை மட்டும் விரிக்கும். எங்கள் விதைக்கடையில் கே.வை. குரொஸ் போன்ற சூடு தாங்கும் கலப்பினம் கிடைக்கும். பாதிப் பாத்திக்கு அதைப் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். கார்த்திகைத் தொடக்கத்தில் கூரை போட்ட மேடையில் நாற்றுப் போட்டு, மார்கழி நடுப்பகுதியில் ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்க, வைரமுதுகு அந்துப்பூச்சியின் சின்னப் பச்சைப் புழு இலையின் அடிப்பக்கம் வந்துசேரும். தொட்டால் துள்ளி, நூலில் தொங்கும், அதுதான் அடையாளம். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, சீலையில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். கிழமைக்கு ஒருமுறை விடாமல் அடித்தால்தான் பலன். குருத்துக்குள் புழு போன பிறகு எதை அடித்தும் பிரயோசனமில்லை.

கரட்தான் எனக்குச் சந்தேகமான பயிர். ‘வருமா’ என்று கேட்டால் ‘வரும்’ என்பேன். ‘நுவரெலியாக் கரட் மாதிரி வருமா’ என்றால் ‘வராது’ என்பேன். நல்ல நிறத்துக்கு 15 முதல் 21 பாகை வேண்டும். எங்களிடம் அது இல்லை. கனடாப் பக்கெற் அனேகமாக நான்ற்ஸ் வகையாக இருக்கும். நீளமாக, உருளையாக, மென்மையாக வரும் குளிர்நாட்டு இனம். சூட்டுக்கு நியூ குரோடா போன்ற கட்டை இனம் பொருந்தும். குச்சவெளியில் வேலை செய்த காலத்தில், கார்த்திகை நடுப்பகுதியில் மண் ஈரமாக இருக்கிறதே என்று, ஒன்பது வீடுகளில் கரட் விதைக்கச் சொன்னேன். முளைத்துப் பத்து நாளில் இரண்டு இரவு மழை. காலையில் போய்ப் பார்க்கப் பாத்தியின் வரிசைகளே இல்லை. நூல் மாதிரி இருந்த முளைகளெல்லாம் வாய்க்காலின் மூலையில் சேற்றோடு பச்சையாக ஒதுங்கிக் கிடந்தன. என் சொல்லைக் கேட்டு விதைக்குக் காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் நின்றது இன்றைக்கும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து டிசெம்பர் 20க்கு முன் கரட் போடுங்கள் என்று யாருக்கும் நான் சொன்னதில்லை.

அப்படிப் போடும்போது முளைக்கும் வரையான பத்துப் பன்னிரண்டு நாள்தான் கண்டம். விதை கால் அங்குல ஆழத்தில் கிடக்கும். மணல் மண்ணில் மேல் கால் அங்குலம் ஒரு பகல் வெயிலில் காய்ந்துவிடும். விதைத்தவுடன் ஈரச் சாக்கை விரித்து, காலையும் மாலையும் சாக்குக்கு மேல் பூவாளியால் தண்ணீர் விடுங்கள். ஏழாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்று பின்னேரம் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் பிந்தினால் முளை சாக்குக்குள் ஏறிப் பின்னிக்கொள்ளும். புது மாட்டெரு போட்ட மண்ணில் கரட் இரண்டு மூன்று காலாகப் பிரியும். போன வருடத்து மக்கிய எரு போதும். மணல் மண்ணில் வேர்முடிச்சுப் புழு இருந்தாலும் கரட்டில் முடிச்சு முடிச்சாக வரும். அதற்கு எங்கள் வெயிலே மருந்து. அடுத்த ஆவணியில் பாத்தியை நனைத்து, தெளிவான பொலித்தீனால் ஓரத்தில் காற்றுப் போகாமல் ஆறு கிழமை மூடி வையுங்கள். மேல் மண் அந்தச் சூட்டில் வெந்து புழு பெருமளவு சாகும். கனடாக்காரர் மண்ணைச் சூடாக்கப் பொலித்தீன் விரிப்பதும் நாங்கள் புழுவைக் கொல்ல விரிப்பதும் ஒரே சாமான்தான், நிறம் மட்டும் வேறு.

பெரிய வெங்காயப் பக்கெற்றைத் திறக்கவே வேண்டாம். இதை எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்கிறேன். வெங்காயம் குமிழ் வைப்பதை மண்ணோ பசளையோ தீர்மானிப்பதில்லை, பகலின் நீளம் தீர்மானிக்கிறது. வடநாட்டு இனங்களுக்கு 14 முதல் 16 மணித்தியாலப் பகல் வேண்டும். ஜூனில் எட்மன்டனில் பகல் 17 மணித்தியாலம்; இரவு பத்து மணிக்கு வெளிச்சத்தில் நின்று தண்ணீர் விட்டிருக்கிறேன். திருகோணமலை பூமத்தியரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. எங்கள் ஆக நீண்ட பகல் 12 மணித்தியாலமும் 40 நிமிடமும்தான். அந்த வெங்காயம் இங்கே வருடம் முழுக்க நின்றாலும் தாளாகவே நிற்கும். தாளை வேண்டுமானால் வெட்டிச் சமைக்கலாம். வெங்காய ஆசைக்கு நிலாவெளி, குச்சவெளி மணலில் தலைமுறையாக விளையும் சின்ன வெங்காயம் இருக்கிறது. அது இந்தப் பகலுக்குப் பழகிய பயிர்.

ஸ்பினாச்சும் அதே மாதிரிக் கவலைதான். சூடு பட்டவுடன் நாலு இலையோடு தண்டு நீட்டிப் பூத்துவிடும். அதற்குப் பதில் வேலியோரம் பசளிக்கொடி விடுங்கள். அதை அங்கே ‘சிலோன் ஸ்பினாச்’ என்ற பெயரில் விதை விற்கிறார்கள். மகள் அதை வாங்கிச் சாடியில் போட்டு, கண்ணாடிக்குள் வைத்து, ஆவணிக்குள் இரண்டு முழம் வளர்த்தெடுக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். பட்டாணியும் எங்கள் சூட்டில் பூவை உதிர்க்கும். பிள்ளைகளுக்குக் கொடியைக் காட்ட ஒரு கைப்பிடி போடலாம், கறிக்கு நம்ப வேண்டாம். சிவப்பு முள்ளங்கி சுலபம். தை முதல் மாசி வரை கிழமைக்கு ஒரு வரிசை போடுங்கள், 25 முதல் 30 நாளில் பிடுங்குங்கள். ஐந்து நாள் பிந்தினாலும் உள்ளே சக்கையாகிக் காரம் ஏறும். சலாதில் உருண்டை கட்டும் இனத்தை விட்டு, விரிந்த இலை இனத்தைப் பாருங்கள். சலாது விதை 28, 30 பாகைக்கு மேல் முளைக்காமல் உறங்கிவிடும். ஈரத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்து, வெயில் சாய்ந்த பிறகு மண்ணில் போட்டால் எழும்பும்.

மழையிலிருந்து நாற்றைக் காப்பதுதான் எங்களுடைய ‘ஜன்னலோர’ வேலை. மேடையை ஓரடி உயர்த்தி, மேலே சரிவாகத் தெளிவான பொலித்தீன் கூரை போட்டு, நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். பக்கத்தையும் மூடினால் ஈரம் தங்கி நாற்று அடியில் கறுத்து விழும். பாத்திகளும் ஓரடி உயரம் வேண்டும். இடையிலுள்ள வாய்க்கால் வளவுக்கு வெளியே வடியும்படி இருக்க வேண்டும். 2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரையேறியது. டிசெம்பர் தொடக்கம் எங்களுக்கு எப்படிப்பட்ட காலம் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம். அந்த நாட்களில் நாற்று, தூக்கி உள்ளே வைக்கக்கூடிய தட்டிலோ பழைய பெட்டியிலோ இருந்தால் நிம்மதி.

நிழல் வலையை விதைத்த அன்றே கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தையில் வானம் பாதி நாள் மூடியே இருக்கும். அப்போது நிழல் போட்டால் செடி வெளிச்சம் தேடி நெடுத்துப்போகும். மாசி நடுப்பகுதிக்குப் பிறகு, மத்தியானத்தில் இலை துவளத் தொடங்கும்போது பாதி நிழல் தரும் வலையையோ, கீற்றுக் கீற்றாக வெளிச்சம் விழும்படி கிடுகையோ மேற்குப் பக்கமாகச் சரித்துக் கட்டுங்கள். மண்ணுக்கு வைக்கோல் மூடாக்கு தை பிறந்தவுடனேயே போடலாம். வைக்கோலுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள், மேலே உள்ள மண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அறுவடையில் குளிர்நாட்டாருக்கு ஒரு வசதி உண்டு: கரட்டும் பீற்றூட்டும் குளிர்ந்த மண்ணிலேயே கிழமைக்கணக்கில் கெடாமல் காத்திருக்கும். எங்கள் மண் காத்திருக்க விடாது. பீற்றூட் முட்டையை விடப் பெரிதாகி, பிள்ளையின் கைப்பிடி அளவு வந்தவுடன் எடுங்கள். பிந்தினால் நார் வைக்கும். இலையை ஒட்ட வெட்டாமல் இரண்டு விரல் தண்டு விட்டுத் திருகி எடுங்கள். ஒட்ட வெட்டினால் அவிக்கும்போது நிறமெல்லாம் தண்ணீரில் போய்விடும். கரட் இலையை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்து ஒரு நாளிலேயே வதக்கிவிடும். கோவா இறுகியிருக்கும்போது திடீர் மழை பெய்தால் குருத்து வெடிக்கும். மழை வருவதுபோல் இருந்தால் குருத்தை இரண்டு கையாலும் பிடித்து அரைச் சுற்றுத் திருகிவிடுங்கள். கொஞ்ச வேர் அறுந்து தண்ணீர் ஏறுவது குறையும், இன்னும் ஒரு கிழமை நிற்கும். எல்லாவற்றையும் விடியற்காலையில், பனி உலரமுன் பறியுங்கள். கிழங்கு வகையைக் கழுவாமல், வாயகன்ற மண்பானையில் ஈர மணல் படை படையாகப் போட்டுப் புதைத்து, சமையலறை மூலையில் வைத்தால் பத்து நாள் தாங்கும்.

ஒரு சட்ட விஷயத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர அனுமதி எடுக்க வேண்டும். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கட்டுநாயக்காவில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை அதைப் பார்க்கிறது. அண்ணன் அன்போடு கொண்டுவந்ததைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விதையோடு ஒட்டி வரும் ஒரு புது நோய் குச்சவெளி வெங்காயக்காரரின் வயிற்றில் அடித்துவிடலாம். அடுத்த முறை விசாரித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேலே சொன்ன இனங்களுக்குச் சமமானவை பெரும்பாலும் எங்கள் விதைக்கடைகளிலேயே கிடைக்கின்றன.

இப்போது ஐப்பசி. பக்கெற்றுகளைச் சமையலறைத் தட்டிலிருந்து எடுத்து, மூடி இறுக்கமான போத்தலில், வறுத்து ஆறவைத்த ஒரு கைப்பிடி அரிசியோடு போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மழை இறுகுமுன் இந்தக் கிழமைக்குள் பாத்திகளை வெட்டி உயர்த்தி, மக்கிய எருவைக் கலந்து, மண் கரையாமல் கிடுகால் மூடிவிடுங்கள். கார்த்திகை முதற்கிழமையில் கோவா நாற்று. மற்றவை டிசெம்பர் 20 தாண்டி, இரண்டு நாள் தொடர்ந்து வெயில் எறித்து, பாத்தி மண்ணைப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்கிற அன்று.